கயிறு பிடிக்கும் கை

எங்கள் ஓட்டப்பிடாரத்து வானம் மிகப் பெரியது. கரிசல் காட்டில் அதை மறைத்து நிற்க உடைமரங்களும் பனைகளும் தவிர வேறென்ன இருக்கிறது? வ.உ. சிதம்பரனார் பிறந்த மண் என்பதால் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டதும் எல்லாரும் கப்பலை நினைப்பார்கள். 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்காத வகுப்பு எங்கள் பள்ளியில் இல்லை. இந்த ஆண்டு மலருக்கு நாங்கள் எழுதுவது விமானங்களைப் பற்றி. குறிப்பாக, தரையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து அவை ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்பவர்களைப் பற்றி. இதை எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் கணிதப் பிரிவு மாணவியர் இருபத்து மூவர். பேருந்தில் ஏறிய பிள்ளைகளைக் கூடச் சரியாக எண்ணத் தெரியாதவர்கள் என்று ஒரு முறை பெயர் வாங்கியவர்கள். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது என்பது நம் மாவட்டத்தார் அனைவரும் அறிந்ததே. 1992-இல் சிறியதொரு ஓடுதளத்தோடு தொடங்கியது. இன்று அந்த ஓடுதளத்தின் நீளம் 3,115 மீட்டர். புதிய முனையத்தை 2025 ஜூலை 26 அன்று பிரதமர் வந்து திறந்து வைத்தார். மாலையில் நாங்கள் எறிபந்து ஆடும்போது எப்போதாவது ஒரு விமானம் வெள்ளிப் பூச்சி போலக் கடந்து போகும். பந்தைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து நிற்போம். "அதிலே போகிறவர்கள் என்ன புண்ணியம் செய்தார்களோ!" என்பாள் ஒருத்தி. "ஓட்டுகிறவரைச் சொல்லட்டி!" என்பாள் இன்னொருத்தி. அந்த விமானத்தோடு தரையிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார் என்பது அன்று எங்கள் நினைவுக்கு வந்ததே இல்லை.

ஆகஸ்டு மாத இறுதியில் எங்கள் பள்ளியிலிருந்து ஒருநாள் சுற்றுலா சென்றோம். காலையில் தூத்துக்குடித் துறைமுகம், பிறகு பனிமய மாதா கோவில், மாலையில் மணப்பாடு. இரண்டு பேருந்துகள்; ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து தொண்ணூற்று நான்கு பேர். பேருந்துக்கு ஒருத்தியாக இரண்டு தலைவியரைப் பிள்ளைகளை எண்ணும் பொறுப்பில் வைத்திருந்தார்கள். புறப்படும் காலையில் இரண்டாம் பேருந்தின் தலைவிக்குக் காய்ச்சல். "பரவாயில்லை, இரண்டையும் நீயே பார்த்துக்கொள்" என்று எங்கள் வகுப்புத் தலைவியிடம் சொல்லப்பட்டது. அவளும் மகிழ்ச்சியோடு தலையாட்டினாள். முந்தின இரவு பதினொரு மணிவரை பெயர்ப் பட்டியலை நகலெடுத்தவள் அவள்தான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புளியோதரைப் பொட்டலங்களைக் கட்டியவர்களிலும் அவள் இருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்று அது எங்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

மணப்பாட்டில் பொழுது சாய்ந்தது. மணல் மேட்டின் உச்சியில் இருக்கும் திருச்சிலுவைக் கோவிலிலிருந்து இறங்கி வந்து எல்லாரும் பேருந்தில் ஏறினோம். அவள் முதல் பேருந்தில் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. எலுமிச்சம்பழப் பை எங்கே என்று ஓர் ஆசிரியை கேட்டார். முதலுதவிப் பெட்டியின் சாவி அவளிடம். தண்ணீர்க் குடத்தை ஏற்றியாகிவிட்டதா என்று ஓட்டுநர் கேட்டார். எங்களில் இருவர், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சன்னல் ஓர இடத்துக்காகச் சண்டையிட்டு அவளையே தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டோம். இதற்கிடையே முதல் பேருந்தில் எண்ணப்பட்ட ஒரு சிறுமி, தன் அக்காளோடு உட்கார ஆசைப்பட்டு இரண்டாம் பேருந்துக்கு ஓடிவிட்டாள். அங்கே அவள் மறுபடியும் எண்ணப்பட்டாள். கூட்டினால் தொண்ணூற்று நான்கு! கணக்கு மிகச் சரி. பேருந்துகள் புறப்பட்டன.

திருச்செந்தூர் வந்த பிறகுதான், "சிஸ்டர், என் பக்கத்தில் இருந்தவளைக் காணோம்" என்று ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளை அழத் தொடங்கியது. அந்தச் சில நிமிடங்களை எங்களால் எழுத முடியவில்லை. கடல், இருட்டு, பத்து வயதுப் பெண் குழந்தை. ஒரு பேருந்து திரும்பிப் பறந்தது. மணப்பாட்டில், பனையோலைப் பெட்டி முடைந்து விற்கும் ஒரு பாட்டியின் மடியோரம் அந்தக் குழந்தை உட்கார்ந்து, அவர் கொடுத்த கருப்பட்டித் துண்டைச் சுவைத்துக்கொண்டிருந்தது. கையில் அவர் கொடுத்த சின்ன ஓலைப்பெட்டி வேறு. அழுததெல்லாம் நாங்கள்தான்.

திங்கட்கிழமை பள்ளி முழுவதும் இதே பேச்சு. "எண்ணத் தெரியாதவளைத் தலைவியாக்கினால் இப்படித்தான்" என்று முதலில் சொன்னது வெளியார் அல்லர், நாங்களே. அவள் தன் தலைவி வில்லையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டாள். கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். மதிய உணவையும் தனியே உண்டாள். எங்களில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. செப்டம்பர் போயிற்று, அக்டோபரும் நவம்பரும் போயின.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பா ஊருக்கு வந்திருந்தார். அவர் சென்னையில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகப் பணியாற்றுகிறார். எங்கள் இயற்பியல் ஆசிரியை சிஸ்டர் அவரை விடவில்லை. "எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். அவர் பேசியது மூன்று மணி நேரம். அதில் எங்கள் மனத்தில் நின்றவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கையான செய்தி சொன்னார். 1929-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டியில் குடை, நாற்காலி, இரண்டு கொடிகள் ஆகியவற்றை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் ஓடுதளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாராம். ஒரு கொடியைக் காட்டினால் போகலாம். மற்றதைக் காட்டினால் நிற்க வேண்டும். நம் ஊர்ச் சந்தியில் கைகாட்டும் போலீஸ்காரரைப் போலத்தான். அந்தத் தள்ளுவண்டிதான் வளர்ந்து இன்று கண்ணாடிக் கோபுரமும் ராடார் அறையுமாக ஆகியிருக்கிறது.

கோபுரத்தில் இருப்பவர் ஓடுதளத்தையும் அதைச் சுற்றியுள்ள வானத்தையும் கண்ணால் பார்த்துக் காக்கிறார். அவரைத் தாண்டியதும், ஏறும் விமானங்களையும் இறங்கும் விமானங்களையும் வரிசைப்படுத்தும் அணுகுமுகக் கட்டுப்பாட்டாளர். அதற்கும் அப்பால், உயரத்தில் நெடுந்தூரம் போகும் விமானங்களுக்கு வேறொருவர். சென்னையில் உள்ளவர்களின் பொறுப்பு வங்காள விரிகுடாவின் மேலே வெகுதூரம் நீள்கிறதாம். ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு விமானம் கைமாறிக்கொண்டே போகும். நடுவில் எங்கும் யார் கையிலும் இல்லாமல் இருக்கக் கூடாது.

"எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்?" என்று கேட்டோம். ஒன்றன் மேல் ஒன்றாகப் போனால் பொதுவாக 1,000 அடி. ஒரே உயரத்தில் போனால், ராடாரில் தெரியும் இடங்களில், பெரும்பாலும் ஐந்து கடல் மைல் என்றார். ஐந்து கடல் மைல் என்றால் ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றே கூட. "அவ்வளவு தூரமா!" என்று நாங்கள் வியந்தோம். சிஸ்டர் உடனே எழுந்து கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர். எதிரெதிரே இரண்டு வந்தால் நெருங்கும் வேகம் நிமிடத்துக்கு 30 கிலோமீட்டர். அப்படியானால் ஒன்பது கிலோமீட்டர் என்பது? பதினெட்டு நொடி! ஓட்டப்பிடாரம் பேருந்து நிறுத்தத்தில் மிளகாய் மூட்டையை இறக்கக்கூட அந்த நேரம் போதாது. வகுப்பு அமைதியாகிவிட்டது.

வேலையின் சுமை என்பது எத்தனை விமானம் என்ற எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்று அவர் விளக்கினார். பத்து விமானங்கள் ஒழுங்காக ஒரே திசையில் போனால் அது இலேசான வேலை. நான்கே விமானங்கள் வெவ்வேறு உயரத்தில் குறுக்கும் நெடுக்கும் வந்து, ஒன்றுக்கு மழைமேகத்தைச் சுற்றிப் போக வேண்டும், இன்னொன்றில் நோயாளி, மூன்றாவது சொன்னதைத் தவறாகத் திருப்பிச் சொல்கிறது என்றால் அதுவே பெருஞ்சுமை. ஆம், விமானிகள் ஒவ்வோர் ஆணையையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறார்களா என்று இவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பேசுவது, கேட்பது, எழுதுவது, அடுத்த ஐந்து நிமிடத்தில் எது எங்கே இருக்கும் என்று மனக்கண்ணில் பார்ப்பது, எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும். அந்த மனப்படத்தை அவர்கள் 'பிக்சர்' என்று சொல்வார்களாம். "பிக்சர் கலைந்துவிட்டால் திரையில் எல்லாம் தெரியும், ஆனால் எதுவும் புரியாது" என்றார். தேர்வு அறையில் எங்களுக்கு நேர்வது இதுதான் என்று எண்ணிக்கொண்டோம்.

இன்னொன்றும் சொன்னார், இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வேலை மிகக் குறைவாக இருப்பதும் ஆபத்தாம். பின்னிரவு மூன்று மணிக்கு இரண்டே விமானங்கள் இருக்கும் நேரத்தில் உடல் தூக்கத்துக்குக் கெஞ்சும். கண் திறந்திருக்கும், கவனம் உறங்கிவிடும். அதனால்தான் பிரிட்டனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இந்த நாற்காலியில் ஒருவர் இருக்கக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் பணி நேரத்துக்கு வரம்பு விதித்திருக்கிறார்கள். ஆனால் விதி காகிதத்தில் இருந்தால் போதுமா? அடுத்த நாற்காலிக்கு ஆள் வேண்டாமா? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று விமானப் பாதுகாப்பைப் பற்றிக் கொடுத்த அறிக்கையில் கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும், அவர்கள்மேல் ஏறும் சுமையையும், களைப்பையும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் டில்லியில் பயணத் திட்டச் செய்திகளை அனுப்பும் கணினி அமைப்பு பழுதானபோது, தானாக வந்து சேர வேண்டிய விவரங்களைக் கட்டுப்பாட்டாளர்கள் கையாலேயே செய்ய வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. "தாமதம் நல்லது. களைத்த மனிதன் வேகமாகச் செய்ய முயல்வதைவிட, மெதுவாகச் செய்து எல்லாரிடமும் திட்டு வாங்குவது நல்லது" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இதன் பிறகுதான் எங்களில் ஒருத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள்: "விபத்து நடந்தால் தப்பு யாருடையது சார்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு 1996 நவம்பர் 12-ஆம் நாள் மாலையைப் பற்றிச் சொன்னார். டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி போயிங் 747 ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கசகஸ்தானின் இலியூஷின் விமானம் ஒன்று டில்லிக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்நாளில் டில்லியில் வருவதற்கும் போவதற்கும் பெரும்பாலும் ஒரே வான்பாதைதான். அன்று பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர் வி. கே. தத்தா, சவூதி விமானத்தை 14,000 அடியிலும் கசக் விமானத்தை 15,000 அடியிலும் நிறுத்தினார். எதிரே ஒரு விமானம் வருகிறது என்று எச்சரிக்கவும் செய்தார். அவர் முன்னிருந்த ராடாரில் விமானம் எங்கே இருக்கிறது என்பது தெரியும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தெரியாது. கசக் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. திரையிலிருந்து இரண்டு புள்ளிகளும் மறைந்தன. அழைத்த அழைப்புக்கு விடை வரவில்லை.

நீதிபதி ஆர். சி. லகோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. கசக் விமானக் குழுவினர் சொன்ன உயரத்தைக் காக்கவில்லை என்பது அதன் முடிவு. அந்த விமானத்தில் ஆங்கிலத்தில் ரேடியோவில் பேசியவர் ஒருவர், ஓட்டியவர்கள் வேறு. இவ்வளவோடு விசாரணை நின்றிருந்தால் இறந்தவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதை, உயரத்தையும் காட்டும் ராடார், மோதலை முன்னறிந்து விமானிக்கே சொல்லும் கருவி ஆகியவை வேண்டும் என்றெல்லாம் அதற்குப் பின் ஏற்பாடாயிற்று. "நாங்கள் இன்று நிம்மதியாக வேலை செய்வது அந்த 349 பேர் தந்த பாடத்தால்" என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

அடுத்தது எங்களை இன்னும் உலுக்கியது. 2002 ஜூலை முதல் நாள். ரஷ்யாவின் ஊஃபா நகரிலிருந்து நம் வயதும் நம்மினும் குறைந்த வயதும் உள்ள பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்காக ஸ்பெயினுக்குச் சுற்றுலா புறப்பட்டார்கள். ஆம், சுற்றுலா. நள்ளிரவு நெருங்கும் நேரம் அவர்கள் விமானம் ஜெர்மனியின் தென்கோடியில் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே 36,000 அடியில் வந்தது. அதே உயரத்தில் குறுக்கே ஒரு சரக்கு விமானம் வந்தது. அந்த வானத்தைக் காத்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் நிலையம். அங்கே இரவுப் பணிக்கு இருவர்; ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். இரவில் போக்குவரத்து குறைவு என்பதால் அப்படிச் செய்வது அங்கே பல காலமாக வழக்கம். மேலதிகாரிகளும் அதை அறிந்தே விட்டிருந்தார்கள். ஆகவே பீட்டர் நீல்சன் என்ற ஒரே மனிதர் இரண்டு நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டார். அன்று இரவு பார்த்துக் கருவிகளில் பராமரிப்பு வேலை வேறு நடந்துகொண்டிருந்தது. மோதல் வரும் என்று திரையில் எச்சரிக்கும் வசதி இல்லை. முக்கியத் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மாற்று இணைப்பும் வேலை செய்யவில்லை. தாமதமாக வந்த மூன்றாவது விமானம் ஒன்று பக்கத்து ஊரில் இறங்க உதவி கேட்டது. அதற்காக அவர் அடுத்த நாற்காலிக்கும் இந்த நாற்காலிக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இருந்தவர்கள் தங்கள் திரையில் ஆபத்தைக் கண்டு சூரிச்சுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மணி அடிக்கவில்லை.

மோதலுக்கு ஒரு நிமிடமும் இல்லாத நேரத்தில் அவர் கவனித்தார். ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். அந்த நொடியில் ரஷ்ய விமானத்தில் இருந்த எச்சரிக்கைக் கருவி, மேலே ஏறச் சொன்னது. சரக்கு விமானத்தில் இருந்த கருவி கீழே இறங்கச் சொன்னது. ரஷ்ய விமானிகள் மனிதன் குரலுக்குக் கீழ்ப்படிந்தார்கள். இரண்டும் சேர்ந்து இறங்கின. 71 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பிறகுதான், கருவி ஒன்று சொல்லித் தரையில் இருப்பவர் வேறொன்று சொன்னால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்பது உலகெங்கும் ஐயமற்ற விதியாயிற்று.

"அந்தக் கண்ட்ரோலர் என்ன ஆனார் சார்?"

அவர் சொல்லத் தயங்கினார், சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தலையசைத்தார். விபத்தில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர் 2004 பிப்ரவரியில் பீட்டர் நீல்சனின் வீடு தேடி வந்து அவரைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். நீல்சனுக்கும் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் இறந்து மூன்று மாதம் கழித்து, 2004 மே மாதம் விசாரணை அறிக்கை வெளிவந்தது. இரவில் ஒருவரையே தனியே விட்ட வழக்கத்தை அது குறை கூறியது. 2007-இல் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வகுப்பில் யாரும் மூச்சு விடவில்லை. அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. நான்கு மாதமாக வகுப்பில் கேட்டறியாத குரல்.

"இரண்டு நாற்காலியும் என்னால் முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாமா சார்? சொன்னால் கேட்டிருப்பார்களா?"

சித்தப்பாவுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. அவர் இயல்பாக விடை சொன்னார்: "சொல்லியிருக்கலாம் அம்மா. ஆனால் பார், பல இரவுகள் அப்படியே செய்து ஒன்றும் நடக்காமல் போயிருக்கிறது. ஒன்றும் நடக்காதவரை, முடியும் என்றுதான் அவருக்கும் தோன்றும், மேலே இருப்பவர்களுக்கும் தோன்றும். அதனால் இதைச் சொல்கிற பொறுப்பை நாற்காலியில் இருப்பவரிடம் விடக் கூடாது. நாற்காலி போடுகிறவர் பார்க்க வேண்டும்." 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் நகரில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்த இரவிலும், ஹெலிகாப்டர்களுக்கு ஒருவர், விமானங்களுக்கு ஒருவர் என்று இருக்க வேண்டிய வேலையைக் கோபுரத்தில் ஒருவரே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொன்னார். அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்று சேர்த்துக்கொண்டார்.

நாங்கள் ஒருவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முகம் இல்லை.

இறுக்கத்தைப் போக்க எண்ணினாரோ என்னவோ, சிஸ்டர் திரேஸ்புரத்திலிருந்து வரும் தோழியை எழுப்பி, "உன் தாத்தா வழியில் முத்துக்குளித்தவர்கள் உண்டல்லவா? கயிறு பிடிப்பதைப் பற்றிச் சொல்" என்றார். அவள் தன் பாட்டி சொல்லக் கேட்டதைச் சொன்னாள். நம் கடலில் 1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. குளிப்பவர் காலில் கல்லோடு இறங்குவார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அந்த நொடியே இழுக்க வேண்டும். கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் வைப்பார்கள் என்று சொல்வதுண்டு; தன் தங்கை தாலி அறுக்க அவன் விடமாட்டான் அல்லவா! "பாட்டி இன்னொன்றும் சொல்லுவாங்க. கயிறு பிடிக்கிற ஆளிடம் வெற்றிலைகூடக் கேட்கக் கூடாதாம். பேச்சுக் கொடுக்கக் கூடாதாம்" என்று முடித்தாள்.

எலுமிச்சம்பழப் பை, பெட்டிச் சாவி, தண்ணீர்க் குடம், சன்னல் ஓர இடம்! எங்கள் மனத்தில் வரிசையாக வந்து நின்றன.

சித்தப்பா புறப்படுமுன், இந்த வேலைக்குப் பெண்களும் நிறைய வருகிறார்கள் என்று சொல்லிப் போனார். இயற்பியலும் கணிதமும் படித்த இளநிலை அறிவியல் பட்டமோ பொறியியல் பட்டமோ பெற்று, இந்திய விமான நிலைய ஆணையத்தின் தேர்வை எழுதலாம். பேச்சும் குரலும் தெளிவாக இருக்க வேண்டும். தேர்வானவர்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரிகளில் மூத்தது அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில், 1948 முதல் இயங்கி வருகிறது. பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஆசிரியைப் பயிற்சியையும் செவிலியர் படிப்பையும் தவிர வேறு வழியே இல்லை என்று இன்னும் பல வீடுகளில் நினைக்கிறார்கள்.

அன்று மாலை நாங்கள் இருபத்திரண்டு பேரும் வேப்பமரத்தடியில் கூடினோம். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவாயிற்று. யார் முதலில் பேசுவது என்பதில்தான் அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் சன்னல் ஓர இடத்துக்காகச் சண்டையிட்ட இருவரும் முன்னே நடந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நான் தொண்ணூற்று நான்கு எண்ணினேன்ட்டி. சத்தியமா எண்ணினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். நாங்களும் அழுதோம்.

பிறகு தலைமை ஆசிரியை மதருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். இனிச் சுற்றுலாவில் பேருந்துக்கு இருவர் எண்ண வேண்டும். இருவரும் தனித்தனியே எண்ணிப் பிறகு ஒப்பிட வேண்டும். எண்ணுகிறவரிடம் வேறெந்தப் பொருளையும் வேலையையும் தரக் கூடாது. எண்ணிய பின் யாரும் பேருந்து மாறக் கூடாது. எண்ணுகிறவர் வரவில்லையென்றால் மாற்றாள் கிடைத்த பின்பே புறப்பட வேண்டும். கீழே இருபத்திரண்டு கையெழுத்து. கண்டிப்பு வருமோ என்று உள்ளூர நடுக்கம்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து பள்ளி திறந்த முதல் நாள் காலை வணக்கத்தில் மதர் மேடைக்கு வந்தார். கையில் எங்கள் கடிதம். முழுவதையும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அன்று காலையில், இரண்டு பேருந்தையும் நீயே பார்த்துக்கொள் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னது நான். அதை இத்தனை மாதமாக நான் யாரிடமும் சொல்லவில்லை" என்றார். மைதானத்தில் காக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. மதர் இறங்கி வந்து எங்கள் வரிசையின் கடைசியில் நின்றவளிடம் வில்லையைக் கொடுத்தார். சட்டையில் தாமே குத்தப் பார்த்தார். கை நடுங்கியதால் ஊசி ஏறவில்லை. அவளே வாங்கிக் குத்திக்கொண்டாள்.

பிப்ரவரியில் எட்டயபுரத்துக்கும் கயத்தாற்றுக்கும் போய் வந்தோம். மீண்டும் இரண்டு பேருந்துகள், எண்ணுவதற்கு நால்வர். எலுமிச்சம்பழம், சாவி, தண்ணீர் எல்லாவற்றையும் நாங்கள் மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டோம். கயத்தாற்றில் கட்டபொம்மன் நினைவிடத்தின் முன்பு புறப்படும் நேரம். எங்கள் தலைவி முதல் பேருந்தின் படியருகே பட்டியலோடு நின்றாள். மணப்பாட்டில் விட்டுவிட்டு வந்தோமே, அந்தக் குழந்தை ஓடி வந்தது. தன் ஓலைப்பெட்டியை நீட்டி, "அக்கா, நான் ஏறுகிற வரைக்கும் இதைக் கொஞ்சம் பிடியுங்கள்" என்றது.

"இப்போ ஒன்றும் தராதே கண்ணு. எண்ணிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொன்று... நீ முப்பத்திரண்டு. ஏறு."